கிழக்குக் கரைக்கு எப்போது வரலாம்?

தூத்துக்குடி
2024 நவம்பர் 22

பெர்சிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே. எனக்கு ஒன்றும் இல்லை. மே மாதம் பள்ளியிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, நான் இல்லாமல் புவியியலே நின்றுபோகும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் பேசினாள். ஜூன் மாதமே புது டீச்சர் வந்துவிட்டாள்.

பாஸ்போர்ட் எடுத்திருக்கிறேன். போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். உலகப் படத்தைச் சுவரில் மாட்டிக் குச்சியால் தொட்டுக் காட்டியே காலம் போயிற்று. அதிகபட்சம் போனது கொச்சி வரைக்கும்தான். இப்போது இலங்கையைப் பார்க்க ஆசை. உன் ஊருக்கு வர நல்ல காலம் எது?

போனில் கேட்டிருக்கலாம்தான். நாம் போனில் பேசுகிற லட்சணம் உனக்கே தெரியும். "சாப்பிட்டீங்களா அத்தை", "சாப்பிட்டேன்மா", அப்புறம் இரண்டு பேரும் மூச்சு விடுகிற சத்தம். "டவர் இல்லை" என்று வைத்துவிடுவோம்.

கீழே மளிகைக்கடை செல்வராணியிடம் பயண விஷயத்தைச் சொன்னேன். "யாரு வீட்டுக்கு டீச்சர்?" என்றாள். மருமகள் வீட்டுக்கு என்றேன். துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒங்க மவன் பெனிஸ்டன் தம்பி தவறிப் போயி நாலு வருசம் ஆச்சு. அந்தப் பிள்ளையும் வேற கல்யாணம் முடிச்சிப் போயிட்டு. இனி அது எப்படி டீச்சர் ஒங்களுக்கு மருமவ?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம். வீட்டுக்கு வந்தும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

வர வேண்டாம் என்று தோன்றினாலும் எழுது. அம்புரோஸைக் கேட்டதாகச் சொல்.

அத்தை


திருகோணமலை
2024 டிசம்பர் 12

அத்தை,

தபால்காரர் உங்க கடிதத்தை பிளாஸ்டிக் பைக்குள்ள சுத்திக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கன அப்படி மழை. இந்த ஊர்ல மான்கள் தெருவுல திரியும், நம்ம ஊர்ல மாடு திரியுத மாதிரி. அதுங்க எல்லாம் இப்ப பஸ் ஸ்டாண்டுக்குள்ள ஒதுங்கி நிக்குது. வீட்டுல ஒரு துணி காயலை.

அதனால இப்ப வராதீங்க. அம்புரோஸ் சொன்னதை அப்படியே எழுதுதேன். இந்தத் தீவுக்கு ஒரே மழைக்காலம் கிடையாதாம். டிசம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் கொழும்பு, காலி பக்கம் நல்லா இருக்கும், நாங்க நனைவோம். ஏப்ரல் பிறந்தா தலைகீழ். அங்க மழை பிடிக்கும், எங்க கடல் தாம்பாளத்துல ஊத்தின தண்ணி மாதிரி கிடக்கும். "ஏப்ரலில இருந்து செப்டம்பர் மட்டும் எப்ப வந்தாலும் சரி, மே மாசம் எண்டால் இன்னும் நல்லம்"ன்னு சொன்னார். இங்க 'மட்டும்'னா வரைக்கும்னு அர்த்தம். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா? இருந்தாலும் நீங்க கேட்டதுக்குச் சொல்லணும்ல.

மே மாசம் வாங்க அத்தை. வரவேண்டாம்னு எழுதச் சொல்லி ஒரு வரி எழுதியிருக்கீங்க. அதை வாசிச்சிட்டு எனக்குக் கோவம்தான் வந்துச்சு. அந்த மீன்வளக் காலேஜ் லைப்ரரி வேலைக்கு என்னை அனுப்பினது நீங்க. அங்க படிக்க வந்த அம்புரோஸ் என்னைப் பத்திக் கேட்டப்ப, நான் முடியாதுன்னு அழுதேன். "ஏளா, ஒனக்கு முப்பது வயசுகூட ஆகல, நான் செத்தா ஒனக்கு யாரு இருக்கா"ன்னு நீங்கதான் பிடிச்சுத் தள்ளினீங்க. பெட்டி கட்டினதும் நீங்க. கட்டி அனுப்பிட்டு, அப்புறம் ஒரு வரி எழுதல. போன வருஷம் வெள்ளத்துல உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப, லைன் கிடைக்காம நான் இங்க கிடந்து துடிச்சேன். கடைசில செல்வராணி அக்கா நம்பர்லதான் பேச முடிஞ்சுது. "நல்லா இருக்கேன், வை"ன்னீங்க.

ஒரே ஒரு சங்கடம். அம்புரோஸோட அம்மா எங்க கூடத்தான் இருக்காங்க. ஆக்னஸ்னு பேரு. நல்லவங்க, அதிகம் பேசமாட்டாங்க. வாரது யாருன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியல. அம்புரோஸ் "உள்ளதைச் சொல்லு"ங்கார். அவருக்கு எல்லாமே சுலபம்.

இங்க மாமியாரை மாமின்னுதான் கூப்பிடுதாங்க. அத்தைங்கிறதை நான் வேற யாருக்கும் கொடுக்கல.

பெர்சி


தூத்துக்குடி
2025 ஜனவரி 9

பெர்சி,

கோபப்பட்டு எழுதியிருக்கிறாய். நல்லது. போனில் நீ கோபப்படுவதே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எழுதாததற்குக் காரணம் சொல்கிறேன். புது வீட்டில் கால் ஊன்றுகிறவளுக்குப் பழைய வீட்டிலிருந்து மாதா மாதம் கடிதம் வந்தால் கால் எப்படி ஊன்றும்? அங்கே மாமியார் வேறு இருப்பார்கள். தபால் வரும்போதெல்லாம் நீ முகத்தை மறைக்க வேண்டியிருக்கும். அப்படி நினைத்துத்தான் பேனாவை எடுக்கவில்லை. நினைப்பு சரியா தப்பா என்று இப்போது தெரியவில்லை.

மே மாதமே வருகிறேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம். அங்கிருந்து உங்கள் ஊருக்கு ரயில் இருக்கிறதாமே. சிலுவைப்பட்டியில் இருக்கிற என் தம்பி மகன் டிக்கெட் போட்டுத் தருவான். அங்கே கருப்பட்டி கிடைக்குமா? உடன்குடி கருப்பட்டி கொண்டு வருகிறேன். மக்ரூனும் வாங்குவேன், முந்திரி வாசம் போகாமல் டின்னில் போட்டு. ஆக்னஸ் அம்மாவுக்குப் பல் எப்படி?

என்னை யார் என்று சொல்வது என்ற கவலையை விடு. "எங்க ஊர் டீச்சர்" என்று சொல். பொய் இல்லையே. ஒரு வாரம் ஒரு மூலையில் இருந்துவிட்டு, மானையும் கடலையும் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

அத்தை


திருகோணமலை
2025 பிப்ரவரி 14

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நலமறிய ஆவல். மே மாதப் பயணத்தைத் தள்ளி வைத்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். மே மாதம் இங்கே வெயில் அதிகம். உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. அடுத்த ஜனவரியில் வாருங்கள். ஜனவரிதான் இலங்கைக்கு வர நல்ல காலம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்களும் அப்போதுதான் நிறைய வருகிறார்கள்.

மாமிக்கும் கொஞ்சம் உடம்பு சரியில்லை. மற்றபடி ஒன்றும் இல்லை.

டிக்கெட் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் போடவேண்டாம்.

பெர்சி


தூத்துக்குடி
2025 மார்ச் 3

பெர்சி,

உன் கடிதம் வந்தது. "நலமறிய ஆவல்" என்று இருந்தது. வேறு யாருக்கோ எழுதியதை மாற்றிப் போட்டுவிட்டாயோ என்று கவரைத் திருப்பிப் பார்த்தேன்.

நான் புவியியல் டீச்சர் என்பது மறந்துபோயிற்றா? பருவக்காற்றுப் பாடத்தை எத்தனை வகுப்புகளுக்கு நடத்தியிருக்கிறேன். அம்புக்குறி எந்தப் பக்கம் வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஜனவரியில் கொழும்புக்கு வெள்ளைக்காரன் வருவான், சரி. உன் கரையில் வாடைக்காற்றும் மழையும்தான். துணி காயவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். மே மாதம் கடல் தாம்பாளம் மாதிரி கிடக்கும் என்று எழுதியதும் நீதான். வெயிலாம். தூத்துக்குடிக்காரியிடம் வந்து வெயிலைப் பற்றிச் சொல்கிறாய்.

வர வேண்டாம் என்றால் வர வேண்டாம் என்று ஒரு வரி எழுது. ஆக்னஸ் அம்மா மறுத்தார்களோ, அம்புரோஸுக்கு இப்போது சங்கடமாக இருக்கிறதோ, உனக்கே வேண்டாம் என்று ஆகிவிட்டதோ. எதுவானாலும் நான் தாங்கிக்கொள்வேன். காற்றின் மேலும் மழையின் மேலும் பழியைப் போடாதே.

நான் எதற்கு வர நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீவைப் பார்க்க இல்லை. பெனிஸ்டனை நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர், நீயும் நானும். இங்கே அவன் பெயரைச் சொன்னால் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். இங்கே பக்கத்தில் புதுக்கோட்டை வழியாக பஸ்ஸில் போனால் கூட வருகிறவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள், அவனுக்கு விபத்து நடந்த இடத்தை நான் பார்த்துவிடக் கூடாதென்று. அவன் செத்ததை மட்டும்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். இருந்ததை யாரோடாவது பேச வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான்.

டிக்கெட் போடவில்லை. இனி போடவும் மாட்டேன். மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே.

அத்தை


திருகோணமலை
2025 மார்ச் 20

அத்தை, அத்தை,

யாரும் மறுக்கல. மாமிக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை, அது பொய். எல்லாம் நான் பண்ணின கூத்து.

எனக்கு நாலாவது மாசம் நடக்கு.

இதை எழுத எத்தனை தாளைக் கிழிச்சேன்னு அம்புரோஸுக்குத் தெரியும். நீங்க மே மாசம் வந்தா வயிறு தெரியும். அதை உங்க முன்னால எப்படிக் கொண்டுவந்து நிறுத்துவேன்? பெனிஸ்டன் போன அந்த மாசம் நம்ம பிள்ளையும் வயித்துல தங்காமப் போச்சே. ஆஸ்பத்திரில நீங்க என் காலைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்க. ஒரு சொட்டு அழல. வீட்டுக்கு வந்து எனக்குக் கஞ்சி வச்சுக் கொடுத்துட்டு, குளியலறைக்குள்ள போய்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதீங்க. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நினைச்சீங்க. கேட்டுச்சு அத்தை.

உங்களுக்குக் கிடைக்காத பேரப்பிள்ளை. இப்ப வேற வீட்டுக்கு ஒண்ணு வருதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? ஜனவரிக்குள்ள சொல்லத் தைரியம் வந்திரும்னு நினைச்சேன். மழையா வெயிலான்னு அப்ப யோசிக்கவே இல்லை.

அதோட பயமும் இருக்கு. இதுவும் தங்குமான்னு. படி இறங்கும்போதெல்லாம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு இறங்குதேன். சந்தோஷப்படவே பயமா இருக்கு. அம்புரோஸ் தொட்டில் வாங்கலாம்னார், சத்தம் போட்டுட்டேன்.

போன வாரம் மாமி கேட்டாங்க. "பிள்ளைப்பேறுக்கு உன்ர பக்கத்தில இருந்து ஆர் வருவினம்?" எனக்கு அம்மா இல்லைன்னு அவங்களுக்குத் தெரியும். அண்ணன் வீட்டுல இருக்கிற அப்பா வரப்போறதில்லை. நான் அடுக்களைக்கு எழுந்து போயிட்டேன்.

செப்டம்பர் முதல் வாரம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்க எப்ப வரணும்னு நான் இனிச் சொல்லமாட்டேன். வராட்டாலும் எனக்குப் புரியும்.

பெர்சி


தூத்துக்குடி
2025 ஏப்ரல் 5

ஏளா பெர்சி,

உன் கடிதத்தைச் செல்வராணி கடை வாசலிலேயே பிரித்துவிட்டேன். வாசித்துவிட்டு அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். அவள் பதறிப்போய் சோடாவை உடைத்துக் கொடுத்து, "யாருக்கு என்ன டீச்சர்?" என்றாள். "எம் மருமவ முழுகாம இருக்கா" என்றேன். அன்றைக்குக் கேட்ட கேள்வியை அவள் இன்றைக்குக் கேட்கவில்லை. "எத்தனை மாசம்? யாரு பேறுகாலம் பாக்கது?" என்று மட்டும் கேட்டாள்.

உன்னிடம் மறைக்கப் போவதில்லை. வாசித்ததும் முதலில் நெஞ்சில் ஒன்று குத்தியது. இது அவனுக்குப் பிறந்திருக்க வேண்டியது என்று. குத்தியது உண்மை. சோடாவைக் குடித்து முடிப்பதற்குள் அடங்கியதும் உண்மை. அதற்குமேல் நான் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. நீ எனக்காகப் பயந்துகொண்டு இத்தனை நாள் தனியாகச் சுவரைப் பிடித்து இறங்கினாய் என்பதுதான் வலிக்கிறது.

மே மாதம் வரவில்லை. கடல் தாம்பாளமாகக் கிடந்து எனக்கு என்ன? ஆகஸ்டில் வந்து பேறுகாலம் பார்த்துவிட்டு, பிள்ளை முகம் பார்த்துச் சிரித்த பிறகு போகிறேன். உங்கள் பக்கம் மழை பிடிப்பது அக்டோபர் கடைசியில்தான். அதுவரை பிள்ளைத் துணி காயும். இந்தத் தடவை காலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பேறுகால மருந்துக்கு நாசரேத்தில் இருக்கிற விஜிலாவிடம் சொல்லியிருக்கிறேன். என் பழைய நூல் சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தாயிற்று. அலமாரியில் அவன் வேட்டிகளும் மெதுவாக, நைந்து, நன்றாகத்தான் இருந்தன. எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன். உன் பிள்ளை புதுசாக வரட்டும்.

ஆக்னஸ் அம்மாவிடம் உள்ளதைச் சொல். அவர்கள் வேண்டாம் என்றால், ஊரில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு தினமும் வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

தொட்டில் வாங்கச் சொல். சத்தம் போடாதே.

அத்தை


திருகோணமலை, ஆஸ்பத்திரி
2025 ஜூலை 4

அத்தை,

இந்தக் கடிதம் தூத்துக்குடிக்கு வாரதுக்குள்ள நீங்க கிளம்பியிருப்பீங்க. செல்வராணி அக்கா வாங்கி வைப்பாங்க. ஊருக்குத் திரும்பி வந்துதான் வாசிப்பீங்க. அது தெரிஞ்சுதான் எழுதுதேன். நேர்ல சொல்ல முடியாததை இதுல சொல்லிரலாம்.

செவ்வாய்க்கிழமை உதிரம் பட்டதும் நான் செத்துட்டேன்னே நினைச்சேன். ஆட்டோவுல வரும்போது மாமி என்கிட்ட ஒண்ணும் கேக்கல. என் போனை எடுத்து உங்க நம்பரைத் தேடி அவங்களே போட்டாங்க. உங்களைப் பத்தி ஏப்ரல்லயே அவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். கேட்டுட்டு, "பாவம் அந்த மனுசி"ன்னு மட்டும் சொல்லியிருந்தாங்க. அன்னைக்கு உங்ககிட்ட, "நீங்க பெர்சியின்ர அத்தையோ? நான் ஆக்னஸ். பிள்ளை நல்லாப் பயந்துபோயிருக்கிறா. உங்களைத்தான் கேக்கிறா. ஆகஸ்ட் மட்டும் பாத்துக்கொண்டு இருக்காமல் உடன வாங்கோ"ன்னு சொன்னாங்க. நான் உங்களைக் கேக்கவே இல்லை அத்தை. நான் வாயையே திறக்கல. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதோ.

அப்புறம் போனை என் காதுல வச்சாங்க. நீங்க "சாப்பிட்டியா"ன்னு கேக்கல. "நான் வாரேன், நீ அசையாமப் படு"ன்னீங்க. டவர் நல்லா இருந்துச்சு.

இப்ப பரவாயில்லை. பிள்ளை உள்ள நல்லா உதைக்கு. ஆனா எழுந்திரிக்கக் கூடாதுங்காங்க.

சொல்ல நினைச்சது இதுதான். இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து நான் பெனிஸ்டன் பேரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. மாமிகிட்ட உங்க கதையைச் சொன்னப்பகூட "அவங்க மகன்"னுதான் சொன்னேன். அம்புரோஸ் தடுக்கல. அவர் கேக்கதே இல்லை, அவ்வளவுதான். பேரைச் சொன்னா இவருக்குத் துரோகம் பண்ணுத மாதிரி இருக்கு. சொல்லாம இருந்தா அவருக்குப் பண்ணுத மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல நான் எங்க நிக்கதுன்னே தெரியல. நீங்க வந்தா நம்ம ரெண்டு பேரும் அவரைப் பத்திப் பேசலாம்னு எழுதியிருந்தீங்க. எனக்கு ஆசைதான். இந்த வீட்டுல வச்சு என்னால முடியுமான்னுதான் தெரியல. நான் பேசாம இருந்திருந்தா தப்பா நினைக்காதீங்க.

பெர்சி


தூத்துக்குடி
2025 நவம்பர் 3

பெர்சி,

வீடு வந்து சேர்ந்தேன். செல்வராணி சாவியோடு உன் ஜூலை மாதக் கடிதத்தையும் கொடுத்தாள். கடைக்கு வந்த ஆட்கள் எல்லாருக்கும் என் போனில் இருந்த பிள்ளை படத்தைக் காட்டி முடித்த பிறகுதான் என்னை மாடிக்கு விட்டாள். "மூக்கு டீச்சர் மாதிரியே இருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். எப்படி இருக்கும்? நான் மறுத்துப் பேசவில்லை.

பிள்ளை இப்போது என்ன செய்கிறாள்? குளிப்பாட்டும்போது ஆக்னஸ் அம்மா காதைப் பொத்த மறந்துவிடுகிறார்கள், பார்த்துக்கொள். நான் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், நீ சொன்னதாகச் சொல். விசா நாள் முடிந்துவிட்டது என்று அம்புரோஸ் கொழும்புக்கும் வீட்டுக்குமாக அலைந்து நீட்டித்துக் கொடுத்ததை நான் மறக்க மாட்டேன்.

மூன்று மாதத்துக்கு மேல் உன் வீட்டில் இருந்தும், நாம் அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உனக்குப் பிள்ளையும் பாலும் தூக்கமும் சரியாக இருந்தது. நானும் எடுக்கவில்லை. ரயிலில் வரும்போது அது ஒரு குறையாகத்தான் மனதில் கிடந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது. ஆனால் நடந்த ஒன்று உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் உப்புவெளிக் கடற்கரைக்குப் போனோம் இல்லையா? நீயும் ஆக்னஸ் அம்மாவும் முழங்கால் தண்ணியில் நின்றீர்கள். நான் பிள்ளையை வைத்துக்கொண்டு படகு நிழலில் உட்கார்ந்திருந்தேன். அம்புரோஸ் வந்து பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார். பிள்ளை மேல் கிடந்த துணியைச் சரிசெய்தார். பிறகு, "அம்மா, நான் ஒண்டு கேக்கலாமோ? பெனிஸ்டன் எப்பிடிப்பட்டவர்? பெர்சியிட்டக் கேக்க எனக்குப் பயம். நொந்துபோவாளோ எண்டு இவ்வளவு நாளும் கேக்கேல்லை" என்றார்.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நல்லவன், கெட்டிக்காரன் என்று சொன்னால் கல்லறையில் எழுதுகிற மாதிரி இருக்கும். சட்டென்று ஞாபகம் வந்ததைச் சொன்னேன். உனக்கும் தெரியாதது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

சாத்தான்குளத்துக்கு உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குப் புதுப் பேண்ட் போட்டிருந்தான். உங்கள் வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது பின்பக்கம் தையல் நீளத்துக்கும் பிரிந்துவிட்டது. "அம்மா, திரும்பிப் போயிருவோம்" என்றான். உன் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார், எங்கே திரும்புவது? சுவரோரமாகவே நடந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் அசையவில்லை. கேசரியை எடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கிளம்பும்போது கையெடுத்துக் கும்பிட்டபடியே பின்னால் பின்னால் நடந்து வாசல் வரைக்கும் போனான். உன் அப்பா பூரித்துப் போய் என்னிடம், "இந்தக் காலத்துல பெரியவங்களுக்கு முதுகு காட்டாமப் போற பையன் எங்க டீச்சர் கிடைப்பான்? பேசி முடிச்சிருவோம்" என்றார்.

அம்புரோஸ் சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு. பிள்ளை திடுக்கிட்டு முழித்துவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அவனை நினைத்து அழுதுதான் எனக்குப் பழக்கம். கண்ணில் தண்ணி வர வரச் சிரித்தேன். நீ தண்ணிக்குள் நின்றபடி "என்ன, என்ன?" என்று கத்தினாய். ஒன்றும் இல்லை என்று இரண்டு பேரும் கையாட்டினோம்.

அதுதான் விஷயம். சத்தியத்தை மீறிவிட்டேன், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

நான் சொன்னதை நம்பாவிட்டால் அம்புரோஸிடம் கேள். அன்றைக்கே மணலில் கும்பிட்டபடி பின்பக்கமாக நடந்து காட்டினார். நன்றாகவே நடந்தார்.

அத்தை